சை யங் விருதைக் கணிக்க எந்த அளவுகோலை நம்பலாம்?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டு லீக்குகள்: அமெரிக்கன், நேஷனல். ஆண்டின் சிறந்த பிட்சருக்கு (பந்து வீசுபவர்) தரும் விருதுதான் சை யங். 2025 அமெரிக்கன் லீக்கில் அதற்காக இரண்டு இடக்கை பிட்சர்கள் கடைசி வரை மோதினார்கள். டெட்ராய்ட் டைகர்ஸின் தாரிக் ஸ்கூபல் 195⅓ இன்னிங்ஸ் வீசி 13 வெற்றி, 6 தோல்வி, 241 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது), ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ஏர்ண்ட் ரன், குறைந்தால் நல்லது) 2.21 என்று சீசனை முடித்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸின் காரெட் க்ரோஷேவுக்கு 205⅓ இன்னிங்ஸ், 18 வெற்றி, 5 தோல்வி, 255 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 2.59. இன்னிங்ஸ், வெற்றி, ஸ்ட்ரைக் அவுட் மூன்றிலும் க்ரோஷேதான் முன்னால் இருந்தார். ஆனால் வாக்குகளை எண்ணியபோது வாக்களிக்கும் 30 பேஸ்பால் எழுத்தாளர்களில் 26 பேர் ஸ்கூபலுக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். க்ரோஷேவுக்கு 4 பேர்தான்.

இந்த முடிவை செப்டம்பரிலேயே எந்த அளவுகோல் சொல்லியிருக்கும், எது ஏமாற்றியிருக்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. நண்பர்களோடு கணிப்புப் போட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிட்சரைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது சந்தோஷமான விஷயம்தான், ஆனால் அது கணிப்பு ஆகாது. ‘சிறந்த பிட்சர் யார்’ என்பது ஒரு கேள்வி. ‘30 எழுத்தாளர்கள் யாருக்கு வாக்களிப்பார்கள்’ என்பது வேறு கேள்வி. நாம் பதில் தேட வேண்டியது இரண்டாவதற்கு.

முதலில் விருதின் நடைமுறை. 511 வெற்றிகளோடு இன்றும் முதலிடத்தில் இருக்கும் சை யங் 1955 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் விருது தொடங்கியது. முதலில் இரண்டு லீக்குக்கும் சேர்த்து ஒரே விருது, 1967 முதல் லீக்குக்கு ஒன்று. அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த 30 பேர் ஒவ்வொரு லீக்குக்கும் வாக்களிக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஐந்து பேரை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 7 புள்ளி, அடுத்தடுத்த இடங்களுக்கு 4, 3, 2, 1. பிளேஆஃப் (சீசனுக்குப் பிறகு நடக்கும் பட்டத்துக்கான சுற்று) தொடங்கும் முன்பே வாக்குகள் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அக்டோபரில் நடக்கும் எதுவும் இதில் சேராது. 2025 உலகத் தொடரின் (பிளேஆஃப் இறுதிப் போட்டி) சிறந்த வீரர் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ. ஆனால் நேஷனல் லீக் சை யங் வாக்கில் அவர் மூன்றாமிடம்தான்.

கணிக்க நம் கையில் இருக்கும் வழிகளில் மிகப் பழையது வெற்றி எண்ணிக்கை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து இன்னிங்ஸாவது வீசி, தன் அணி முன்னிலையில் இருக்கும்போது வெளியேறி, அந்த முன்னிலை கடைசி வரை நிலைத்தால் வெற்றி அவர் கணக்கில் சேரும். சக வீரர்கள் ரன் எடுக்காவிட்டால் அவர் எவ்வளவு நன்றாக வீசியும் பயனில்லை. நீண்ட காலம் எழுத்தாளர்கள் இதைத்தான் பார்த்தார்கள். 1990-இல் 27 வெற்றி பெற்ற பாப் வெல்ச் (ஈ.ஆர்.ஏ. 2.95) விருதைக் கொண்டுபோனார். 21 வெற்றியும் 1.93 ஈ.ஆர்.ஏ.வும் வைத்திருந்த ராஜர் கிளெமென்ஸ் தோற்றார். 2005-இலும் இதே கதை: பார்டோலோ கோலோன் 21 வெற்றி, 3.48, யோஹான் சந்தானா 16 வெற்றி, 2.87, விருது கோலோனுக்கு.

அந்தக் காலம் 2010-இல் முடிந்தது. சியாட்டிலின் ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ் அந்த ஆண்டு 13 வெற்றி, 12 தோல்வி. யாங்கீஸின் சி.சி. சபாதியாவுக்கு 21 வெற்றி, டாம்பா பேயின் டேவிட் பிரைஸுக்கு 19. ஆனால் எர்னாண்டஸ் 249⅔ இன்னிங்ஸில் 2.27 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தார். அப்போதிருந்த 28 வாக்காளர்களில் 21 பேர் அவரையே முதலில் எழுதினார்கள். இன்று யாராவது ‘அவருக்கு 20 வெற்றி இருக்கிறது, அவருக்குத்தான்’ என்று சொன்னால், அந்தக் கணிப்பைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

சரி, அடுத்தது பில் ஜேம்ஸ் வகைச் சூத்திரம். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வுக்கு வழிகாட்டியவர் அவர். அவரும் ராப் நேயரும் சேர்ந்து, எழுத்தாளர்கள் பழைய காலத்தில் எப்படி வாக்களித்தார்கள் என்பதைப் பார்த்து ஒரு கணக்கு செய்தார்கள். இன்னிங்ஸை ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்து, விட்டுக்கொடுத்த ஏர்ண்ட் ரன்களை (பீல்டர்களின் பிழையால் வராத ரன்கள்) கழிக்க வேண்டும். அதோடு ஸ்ட்ரைக் அவுட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒவ்வொரு சேவுக்கும் (கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காப்பது) 2.5 புள்ளி, ஷட் அவுட்டுக்கு (ரன்னே விடாமல் முழு ஆட்டத்தையும் வீசுவது) 1 புள்ளி, வெற்றிக்கு 6 புள்ளி சேரும். தோல்விக்கு 2 புள்ளி போகும். அணி டிவிஷனில் (லீக்கின் உட்பிரிவு) முதலிடம் என்றால் கூடுதலாக 12.

இதன் சிக்கல் பார்த்தவுடனே தெரிகிறது. வெற்றிக்கு இத்தனை எடை. 2018 நேஷனல் லீக்கில் போட்டுப் பாருங்கள். நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி, 217 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 1.70. வாஷிங்டனின் மேக்ஸ் ஷெர்சர் 18 வெற்றி, 7 தோல்வி, 300 ஸ்ட்ரைக் அவுட், 2.53. இந்தச் சூத்திரத்தில் ஷெர்சருக்குச் சுமார் 180 புள்ளி, டிகிராமுக்குச் சுமார் 144. நிஜத்தில் 30 பேரில் 29 பேர் டிகிராமுக்கு முதல் வாக்கு போட்டார்கள்.

இன்னொரு சிக்கல் சேவ். 2024-இல் கிளீவ்லாண்டின் க்ளோசர் (ஆட்டத்தை முடிக்க வரும் பிட்சர்) எம்மானுவேல் க்ளாசே 47 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.61 என்று ஒரு அபூர்வமான சீசன் ஆடினார். கணக்குப் போட்டால் அவருக்குச் சுமார் 191, ஸ்கூபலுக்குச் சுமார் 175. ஸ்கூபல் அந்த ஆண்டு வெற்றி, ஈ.ஆர்.ஏ., ஸ்ட்ரைக் அவுட் மூன்றிலும் லீக்கில் முதலிடம் பிடித்து, 30 முதல் வாக்குகளையும் வாங்கினார். க்ளாசே மூன்றாமிடம். கடைசியாக ஒரு ரிலீவர் (ஆட்டத்தைத் தொடங்காமல் நடுவில் வரும் பிட்சர்) சை யங் வென்றது 2003-இல், 55 சேவ் எடுத்த எரிக் கான்யே. 0.61-ஆல் முடியாதது இனி வேறு எந்த ரிலீவருக்கும் முடியும் என்று நான் நம்பவில்லை. கணிப்பு வைப்பவர்கள் ரிலீவர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோவின் சூத்திரம் இதைவிடப் புதியது, எளியது. இன்னிங்ஸில் பாதி, அதிலிருந்து ஏர்ண்ட் ரன்னைக் கழி, ஸ்ட்ரைக் அவுட்டில் பத்தில் ஒன்றைக் கூட்டு, வெற்றி எண்ணிக்கையைக் கூட்டு. அவ்வளவுதான். ஒரு வெற்றிக்கு ஒரே புள்ளி, அதாவது பத்து ஸ்ட்ரைக் அவுட்டுக்குச் சமம். தோல்விக்குக் கழிவு கிடையாது.

2018-க்கு இதைப் போட்டால் டிகிராம் 104, ஷெர்சர் 96, பிலடெல்பியாவின் ஆரன் நோலா 90. வாக்கெடுப்பிலும் இதே வரிசை. 2010-க்குப் போட்டால் எர்னாண்டஸ் 98, பிரைஸ் 79, சபாதியா 75 அல்லது 76. அதுவும் வாக்கெடுப்பின் வரிசைதான். 2025 நேஷனல் லீக்கில் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் (10-10, ஈ.ஆர்.ஏ. 1.97) 84, பிலடெல்பியாவின் கிறிஸ்டோபர் சான்செஸ் (13-5, 2.50) 79, யமமோட்டோ 71. மறுபடியும் அதே வரிசை. ஸ்கீன்ஸுக்கு 30 முதல் வாக்குகளும் கிடைத்தன. ஜேம்ஸ் சூத்திரமோ இதே மூவரில் ஸ்கீன்ஸைக் கடைசியில் வைத்திருக்கும். பிலடெல்பியாவின் பில்லீஸ், டாட்ஜர்ஸ் இரண்டும் டிவிஷன் வென்ற அணிகள், பிட்ஸ்பர்க்கின் பைரட்ஸ் அப்படியில்லை. அணி தோற்றதற்காக ஒரு பிட்சரைத் தண்டிப்பதை எழுத்தாளர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் மாற்றம்.

ஆனால் டாங்கோ சூத்திரத்துக்கும் வழுக்கல் உண்டு. தொடக்கத்தில் சொன்ன 2025 அமெரிக்கன் லீக்கையே பாருங்கள்: க்ரோஷே 87.2, ஸ்கூபல் 86.8. மயிரிழையில் க்ரோஷே முன்னால். வாக்கோ 26-க்கு 4. சூத்திரம் ‘சமம்’ என்று சொன்ன இடத்தில் எழுத்தாளர்கள் துளியும் குழம்பவில்லை.

2021 நேஷனல் லீக்கில் இன்னும் மோசமாக வழுக்கியது. டாட்ஜர்ஸின் வாக்கர் பியூலருக்கு 84, பிலடெல்பியாவின் ஸாக் வீலருக்கும் சீசன் நடுவில் வாஷிங்டனிலிருந்து டாட்ஜர்ஸுக்குப் போன ஷெர்சருக்கும் தலா 79, மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸுக்கு 73. விருது பர்ன்ஸுக்கு! வெறும் 167 இன்னிங்ஸ் வீசியவர். வீலர் 213⅓ வீசியிருந்தார். இருவருக்கும் தலா 12 முதல் வாக்குகள், மொத்தத்தில் 151-க்கு 141 என்று பர்ன்ஸ் வென்றார்.

பர்ன்ஸை ஜெயிக்க வைத்தது எது? இங்கேதான் எஃப்.ஐ.பி. வருகிறது. பிட்சரின் கையில் மட்டும் இருக்கும் விஷயங்களான ஸ்ட்ரைக் அவுட், வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு விடுவது), பேட்டர் உடலில் பட்ட பந்து, ஹோம் ரன் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் எண் அது. பீல்டர்கள் பிடித்ததும் விட்டதும் அதில் சேராது. பர்ன்ஸ் அந்த ஆண்டு 234 ஸ்ட்ரைக் அவுட், 34 வாக், விட்டுக்கொடுத்த ஹோம் ரன் வெறும் 7. எஃப்.ஐ.பி. 1.63. அந்த எண்ணைப் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வாக்குச் சீட்டை நிரப்பியதன் அடையாளம் அந்த முடிவு.

அப்படியானால் எஃப்.ஐ.பி.யையே நம்பிவிடலாமா? கூடாது. இரண்டு ஆண்டு கழித்து, அதே லீக்கில், சான் டியாகோவின் பிளேக் ஸ்னெல் 99 வாக் கொடுத்தார், மேஜர் லீக்கிலேயே அதிகம். எஃப்.ஐ.பி.யில் முன்னால் இருந்தவர் அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர். 281 ஸ்ட்ரைக் அவுட், 20 வெற்றி, ஆனால் ஈ.ஆர்.ஏ. 3.86. ஸ்ட்ரைடருக்கு நான்காமிடம். 2.25 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த ஸ்னெல் 28 முதல் வாக்குகளோடு வென்றார். ‘நன்றாக வீசினார், அதிர்ஷ்டம் இல்லை’ என்ற வாதத்தை எழுத்தாளர்கள் வெற்றி-தோல்வி விஷயத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். ரன் விஷயத்தில் அந்த அளவுக்கு ஏற்பதில்லை.

இதிலிருந்துதான் நான் நம்பும் அளவுகோலுக்கு வருகிறேன்: ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஏர்ண்ட் ரன் விட்டார் என்ற எளிய எண். நவீன ஆய்வாளர்கள் பலர் இதைக் கரடுமுரடான கருவி என்பார்கள். பிட்சரின் தரத்தை அளக்க அது சரிதான். ஆனால் வாக்கைக் கணிக்க இதைப்போல வேறொன்று இல்லை. 2018 முதல் 2025 வரை இரண்டு லீக்கிலும் சேர்த்து 16 சை யங் விருதுகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் 13, அந்த லீக்கில் குறைந்த ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தவருக்கே போயின. ஸ்னெல் இரண்டு முறை (இரண்டு லீக்கில்), பர்ன்ஸ், ராபி ரே, வெர்லாண்டரின் 1.75, கெரிட் கோல், கிறிஸ் சேல், ஸ்கூபல், ஸ்கீன்ஸ் எல்லாரும் இந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

அந்த மூன்று விதிவிலக்குகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 2019 அமெரிக்கன் லீக்கில் ஹூஸ்டன் அணியின் இருவரே மோதினார்கள்: கோல் 2.50, வெர்லாண்டர் 2.58. வெர்லாண்டர் பதினோரு இன்னிங்ஸ் போல அதிகம் வீசினார், ஒரு வெற்றி அதிகம், 17-க்கு 13 என்று வென்றார். அதே ஆண்டு நேஷனல் லீக்கில் ரியூ ஹ்யுன்-ஜின் 2.32, டிகிராம் 2.43. ஆனால் டிகிராமுக்கு 21 இன்னிங்ஸும் 92 ஸ்ட்ரைக் அவுட்டும் கூடுதல். 2022-இல் ஹூலியோ உரியாஸ் 2.16, மயாமியின் சாண்டி அல்காண்டரா 2.28. அல்காண்டரா 228⅔ இன்னிங்ஸ் வீசி, ஆறு ஆட்டங்களைத் தானே முழுதாக முடித்தவர். உரியாஸ் 175. அந்த ஆண்டு அல்காண்டரா 30 முதல் வாக்குகளையும் வாங்கினார்.

மூன்றிலும் ஈ.ஆர்.ஏ. வித்தியாசம் 0.12-ஐத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் அந்த அளவுக்குள் இருந்தால்தான் எழுத்தாளர்கள் இன்னிங்ஸையும் ஸ்ட்ரைக் அவுட்டையும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஸ்கூபலுக்கும் க்ரோஷேவுக்கும் நடுவே 0.38. அந்தப் பள்ளத்தைப் பத்து இன்னிங்ஸாலும் ஐந்து வெற்றியாலும் மூட முடியவில்லை.

ஆக, செப்டம்பரில் நான் செய்வது இதுதான். லீக்கின் ஈ.ஆர்.ஏ. பட்டியலை எடுத்து, முதலிடத்தில் இருப்பவருக்கும் அடுத்தவர்களுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். 0.2-க்கு மேல் என்றால் அவர்தான், மேலே யோசிப்பதில்லை. இடைவெளி சிறியது என்றால் டாங்கோ கணக்கைப் போடுவேன். 2019 நேஷனல் லீக், 2022 நேஷனல் லீக் இரண்டிலும் அந்தக் கணக்கு டிகிராமையும் அல்காண்டராவையும் சரியாகச் சொல்லியிருக்கும். 2019 அமெரிக்கன் லீக்கில் அது கோலைத்தான் சொல்லும், ஒன்றே கால் புள்ளி வித்தியாசத்தில். 2021-இல் பியூலரைச் சொல்லி ஏமாற்றியிருக்கும். பரவாயில்லை. இடைவெளி 0.03, 0.04 என்று இருக்கும் ஆண்டில் எந்த அளவுகோலும் உறுதி தராது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஈ.ஆர்.ஏ. பட்டியலில் இடம்பெற முழு சீசனில் 162 இன்னிங்ஸ் வேண்டும். 2024-இல் ஸ்கீன்ஸ் அறிமுக ஆண்டிலேயே 1.96 வைத்திருந்தார், ஆனால் மே மாதம்தான் மேஜர் லீக்குக்கு வந்தார், 133 இன்னிங்ஸ். சேல் 2.38-உடன் வென்றார், ஸ்கீன்ஸ் மூன்றாமிடம். அதனால் ஆகஸ்டிலேயே ஒவ்வொருவரும் 162-ஐத் தொடுவார்களா என்று கணக்குப் போட்டுவிடுங்கள். லீக் மாறினாலும் இதே ஆபத்துதான். 2008-இல் சபாதியா கிளீவ்லாண்டிலிருந்து மில்வாக்கிக்குப் போய் 17 ஆட்டங்களில் 11-2, 1.65 என்று வீசினார். பாதி உழைப்பு வேறு லீக்கில் கிடந்ததால் ஐந்தாமிடம்தான் கிடைத்தது.

கடைசி வாரம் பதற்றமானது. 180 இன்னிங்ஸில் 2.20 வைத்திருக்கும் ஒருவர் ஒரே இரவில் மூன்று இன்னிங்ஸில் ஆறு ரன் விட்டால் 2.46-க்குப் போய்விடுவார். ஆறு மாதம் சேர்த்த முன்னிலை ஒரு ராத்திரியில் கரையும். இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி, எந்த அணியோடு என்று பார்க்காமல் கணிப்பைப் பூட்டிவிடக் கூடாது.

சில முடிவுகளை எதுவும் கணிக்காது. 2016-இல் வெர்லாண்டருக்கு 14 முதல் வாக்குகள், ரிக் போர்செல்லோவுக்கு 8. ஆனால் இரண்டு எழுத்தாளர்கள் வெர்லாண்டரை ஐந்து பேர் பட்டியலிலேயே எழுதவில்லை. 22 வெற்றி எடுத்த போர்செல்லோ 137-க்கு 132 என்று வென்றார். அந்த இருவரில் ஒருவர் இரண்டாமிடமும் இன்னொருவர் மூன்றாமிடமும் கொடுத்திருந்தால் போதும், முடிவு மாறியிருக்கும்.

சீசன் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது எந்தச் சூத்திரமும் உதவாது, யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதே பெரிய கேள்வி. 2024-க்கு முன் பலரும் ஸ்ட்ரைடரைச் சொன்னார்கள், இரண்டே ஆட்டத்தில் முழங்கை போய்விட்டது. 2022-இல் வென்ற அல்காண்டராவுக்கு அடுத்த ஆண்டே முழங்கை அறுவை சிகிச்சை. 2023-இல் வென்ற கோலுக்கு 2025 மார்ச்சில். அதே சமயம், தோளும் முழங்கையும் படுத்தி எடுத்த பல ஆண்டுகளுக்குப் பிறகு சேல் 35 வயதில் தன் முதல் சை யங்கை வாங்கினார்.

முந்தைய ஆண்டு வென்றவரையே மறுபடி தேர்ந்தெடுப்பது சோம்பேறித்தனமாகத் தோன்றும், ஆனால் மோசமான வழி இல்லை. நேஷனல் லீக்கில் லின்ஸ்கம், கெர்ஷா, ஷெர்சர், டிகிராம் எல்லாரும் அடுத்தடுத்து இரண்டு முறை வென்றவர்கள். மேடக்ஸும் ராண்டி ஜான்சனும் நான்கு முறை தொடர்ந்து. அமெரிக்கன் லீக்கில் பெட்ரோ மார்டினெஸ் 1999, 2000 என்று வென்ற பிறகு அடுத்து அதைச் செய்தவர் ஸ்கூபல்தான். மூன்று முறை தொடர்ந்து அங்கே யாரும் வென்றதில்லை.

2025 எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 2026-க்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நேஷனல் லீக்கில் எனக்குத் தயக்கமே இல்லை: ஸ்கீன்ஸ். முதல் இரண்டு ஆண்டுகளில் 1.96, 1.97. பைரட்ஸ் ரன் எடுக்காமல் போனாலும் அது இனி அவரைப் பாதிக்காது என்று வாக்காளர்கள் காட்டிவிட்டார்கள். அமெரிக்கன் லீக்கில் மறுபடியும் ஸ்கூபலா க்ரோஷேவா என்றுதான் வந்து நிற்கிறது. க்ரோஷே அதிகம் வீசுவார், ஸ்ட்ரைக் அவுட்டும் அதிகம் எடுக்கலாம். ஆனால் பாதி ஆட்டங்களை பேட்டர்களுக்குச் சாதகமான ஃபென்வே பார்க்கில் ஆட வேண்டியவர். ஸ்கூபலுக்கு டெட்ராய்ட்டின் விசாலமான மைதானம். அதோடு 195⅓ இன்னிங்ஸில் வெறும் 33 வாக். ஈ.ஆர்.ஏ.தான் தீர்மானிக்கும் என்றால், நான் ஸ்கூபல் பெயரைத்தான் எழுதுவேன்.